அயர்லாந்துக் கிராமங்களில் விவாகமும் குடும்பமும்

மேலைநாட்டார் விவாகம் என்றவுடன், ஆணும் பெண்ணும் தாமே கண்டு காதலித்து, எவர் தலையீடுமின்றி மணந்து கொள்வதே நம்மவர் பலரின் நினைவில் எழுகின்றது. நாவல்களும் சலனப்படங்களும் இக்கருத்தை வளர்த்துவிட்டன. ஆயின், மேலைநாடு முழுவதும் ஒரே தன்மைத்தன்று. நகரத்தார் வழக்கு வேறு. கமக்காரர் வழக்கு வேறு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கிளேர் மாவட்டத்துச் சிறு கமக்காரர் எவ்வாறு மணந்தனர், எவ்வாறு இல்லறம் நடத்தினர் என்பதை நோக்கின் இவ்வுண்மை புலனாகும். 1930களின் முற்பகுதியில், ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்ராட் ஆரன்ஸ்பேர்க், சோலன் கிம்பல் என்னும் மானிடவியலாளர் இருவர் அம்மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் 1940 இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் எடுத்தாளப்படுவது.

இவ்வழக்கின் வேர் நிலத்தில் உள்ளது. 1841 இல் அயர்லாந்தின் சனத்தொகை 80 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. உருளைக்கிழங்கு சிறு துண்டு நிலத்திலும் ஒரு குடும்பத்துக்குப் போதிய உணவளித்தமையால், ஏழைக் குடியானவர் தம் காணியைப் புதல்வரிடையே பங்கிட்டனர். அவர்களும் இளமையிலேயே மணம் புரிந்தனர். 1845 இல் அக்கிழங்கை நோய் பற்றியது. தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். 1911 இல் எஞ்சியோர் ஏறக்குறைய 44 இலட்சத்தவரே. எஞ்சிய குடும்பங்கள், காணியைத் துண்டாடலாகாது என்னும் பாடத்தைக் கற்றன. 1881 ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகைக்காரருக்கு நியாயமான வாடகையையும் நிலையான உரிமையையும் அளித்தது. 1903 ஆம் ஆண்டுச் சட்டம் அரசாங்கக் கடன் பெற்று நிலத்தை விலைக்கு வாங்கவும் வழிசெய்தது. இவ்வாறு தமதாகிய காணியை, பெயர் மாறாது ஒரே மகனிடம் ஒப்படைப்பதே தந்தையின் பெருங்கடமையாயிற்று.

ஒப்படைக்கும் நாளே அம்மகனின் விவாக நாளுமாகும். தந்தை விட்டுக்கொடுக்கும் வரை மகன் மணக்க இயலாது. மணக்காதவரை அவன் ஊரார் வாயில் “பையன்” தான். நாற்பது வயதைக் கடந்து நரை தோன்றிய “பையன்”களும் அக்கிராமங்களில் இருந்தனர். 1926 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, 25 முதல் 30 வயது வரையுள்ள ஆண்களில் நூற்றுக்கு எண்பதின்மரும், 35 முதல் 40 வயது வரையுள்ளோரில் பாதிப்பேரும் மணமாகாதவர்.

தந்தை இசைந்தபின், மாப்பிள்ளை வீட்டார் பேச வல்ல ஒருவரைத் தூதாகப் பெண் வீட்டுக்கு அனுப்புவர். பெண் வீட்டார் விரும்பின், இருதிறத்தாரும் ஒரு மதுச்சாலையிற் கூடிச் சீதனம் பேசுவர். காணி எத்தனை பசுக்களை மேய்க்க வல்லது என்பதே அதன் மதிப்பு. அதற்கேற்பப் பெண்ணின் தந்தை தரவேண்டிய பணமும் அமையும். அடுத்து, பெண் வீட்டார் காணியைச் சுற்றி நடந்து பார்க்கும் நாள் ஒன்றுண்டு. வேலியையும் மேய்ச்சல் நிலத்தையும் மாட்டையும் அவர்கள் எண்ணிக் கணிப்பர். அந்நாளில் அயலவரின் மாடுகளை இரவல் பெற்றுத் தம் நிலத்தில் நிறுத்தியவர் பற்றிய நகைச்சுவைக் கதைகள் பல வழங்கின.

பேச்சு முடிந்தால் சட்டத்தரணியிடம் சென்று உறுதி எழுதுவர். இவ்வுறுதியே விவாகத்தின் உயிர்நாடி. காணி மகனுக்குச் செல்லும். ஆயின், முதியோருக்குரிய உரிமைகள் ஒவ்வொன்றாக அதிற் குறிக்கப்படும். வசிக்க ஓர் அறை, உண்ண உணவு, ஒரு பசுவுக்கு மேய்ச்சல், இவ்வளவு உருளைக்கிழங்கு, இவ்வளவு எரிபொருள், ஞாயிறு பூசைக்குச் செல்ல வண்டியில் இடம் என்பன அவை. பாசத்தை நம்பாது பத்திரத்தை நம்பினர் என்று இதனை இகழ்வது எளிது. எனினும், காணியின்றேல் முதுமையில் வேறு ஊன்றுகோல் இல்லாதிருந்த காலம் அது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 70 வயதானோருக்கு வாரம் 5 சிலிங் வரை அளித்த முதியோர் உதவிப் பணம் 1909 இல் தான் தொடங்கியது.

மருமகள் கொணர்ந்த சீதனப் பணம் பெரும்பாலும் மாப்பிள்ளையின் தந்தை கையையே சேர்ந்தது. அவர் அதனைக் கொண்டு தம் மகளுக்குச் சீதனம் கொடுப்பார். அன்றேல் மற்றொரு பிள்ளையைத் தொழில் பழக அனுப்புவார். அம்மகளின் சீதனம் பிறிதொரு வீட்டில் வேறொரு பெண்ணுக்கு உதவும். இவ்வாறு ஒரே பணம் வீடு வீடாகச் சென்று மாவட்டம் முழுவதையும் உறவினாற் பிணைத்தது.

அந்நாளிற் கத்தோலிக்கத் திருச்சபை தவக்காலத்தில் விவாகங்களைச் சிறப்பித்து நடத்தவில்லை. எனவே, தை மாதத் திருநாட்களின் பின் சம்பந்தம் பேசத் தொடங்கி, தவக்காலத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமைக்குள் மணத்தை முடிப்பர். கமவேலை குறைந்த காலமும் அதுவே. மணவீட்டில் இசையும் நடனமும் இரவு முழுவதும் நிகழும். வைக்கோலால் முகத்தையும் உடலையும் மறைத்த இளைஞர் கூட்டமொன்று அழைப்பின்றி உட்புகுந்து மணமகளுடன் ஆடிச் செல்லும். அவர்களை வரவேற்பதே மரபு. மன்ஸ்ரர் மாகாணத்திற் பலவிடங்களில், தவக்காலத்து முதல் ஞாயிறன்று, மணமாகாதோர் முதுகிற் சிறுவர் சுண்ணக்கட்டியாற் கோடிடுவர். விளையாட்டே எனினும் அதில் ஒரு கூர்மை இருந்தது.

மணமகள் புகுந்த வீட்டின் நடுவிடம் சமையற்கட்டு. முதியோர் இருவரும் அடுப்புக்கு அப்பாலுள்ள மேற்கு அறைக்குப் பெயர்வர். நல்ல தளபாடங்களும் குடும்பத்தாரின் படங்களும் வைக்கப்படும் மதிப்புக்குரிய அறை அதுவே. வயலும் கரி நிலமும் ஆடவர்க்குரியன. பால், கோழி, அடுப்பு, குழந்தை ஆகியன பெண்டிர்க்குரியன. முட்டை விற்ற பணம் மனைவியின் கைக்காசு. 1889 இல் லிமெரிக் மாவட்டத்து டிரம்கொலகர் என்னும் ஊரில் முதலாவது கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றியபின், வெண்ணெய் கடையும் தொழில் மெல்ல வீட்டை விட்டகன்றது. மாமியார் அதிகாரத்தின் கீழ்ப் புதுமகள் பட்ட இடர்களும் சிலவல்ல. பிள்ளைப்பேறின்மை அவளது நிலையைப் பெரிதும் தாழ்த்தியது.

இம்முறையின் பெருங்குறை யாது? ஒரு குடும்பத்தில் ஒரு மகனுக்குக் காணியும் ஒரு மகளுக்குச் சீதனமும் கிடைத்தன. ஏனையோர்க்கு எஞ்சியவை துறவு, தொழில், கப்பல் என்பனவே. அமெரிக்கா செல்வோரை வழியனுப்பும் இரவில், இறந்தார் வீட்டிற் போலவே உறவினர் கூடி விழித்திருப்பர். சென்ற சகோதரி உழைத்தனுப்பும் பணம் அடுத்த தங்கையின் கப்பற் கட்டணமாகும். போகாது தங்கி, தமையனின் கமத்திற் கூலியின்றி உழைத்து, மணமின்றியே மறைந்தவரும் பலர். பற்றிக் கவனா என்னும் கவிஞர் 1942 இல் வெளியிட்ட ‘பெரும் பசி’ என்னும் நெடும் பாட்டு, தாய்க்கும் நிலத்துக்கும் கட்டுப்பட்டு மணமின்றி முதிர்ந்த ஒரு கமக்காரனைப் பற்றியதே.

பின்னர் இம்முறை தளர்ந்தது. மாமியாருடன் சிறு கமத்தில் வாழ இளம்பெண்கள் இசைந்திலர். நகரத்து வேலையும் இங்கிலாந்தும் அவர்களை ஈர்த்தன. தந்தையர் காணியைக் காத்தனர். காத்த காணிக்கு வரவேண்டிய மருமகள் வந்திலள். 1965 ஆம் ஆண்டு உரிமைவழிச் சட்டம், கணவனின் மரணசாதனம் எவ்வாறிருப்பினும், பிள்ளைகள் இருப்பின் மூன்றிலொரு பங்கும், இல்லையேல் பாதியும் விதவைக்கு உரியதென விதித்தது.

கிளேர்க் கமக்காரர் அன்பற்றவரல்லர். குறுகிய நிலத்தில் பசியின்றி வாழ அவர்கள் வகுத்த ஒழுங்கு இது. அவ்வொழுங்கு முதியோரைக் காத்தது, காணியையும் காத்தது. ஆயினும் அதன் விலையை அதிகமாகச் செலுத்தியவர் மணவறை காணாத மக்களே. ஒரு சமூகத்தின் விவாக முறையை ஆராயப் புகும் மாணவர், மணந்தவரைப் பற்றி அறிவதோடமையாது, மணவாதார் என்னாயினர் என்பதையும் வினவுதல் வேண்டும்.