ஸ்பானிஷ்: அன்று ஏட்டில், இன்று காதில்

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் காலை வேளையில் ஒரு கடைக்குள் நுழைந்து ‘திந்தோ’ என்று கேட்டால் சின்னக் கோப்பையில் கடுங்காப்பி வரும். அதே சொல்லை ஸ்பெயினின் மாட்ரிடில் சொன்னால் சிவப்பு ஒயின் வந்து நிற்கும். கேட்கிற தோரணையும் ஊருக்கு ஊர் வேறு. பொகோட்டாக்காரர், “எனக்கு ஒரு திந்தோ அன்பளிப்பாகத் தருகிறீர்களா?” என்று கேட்பார். குடித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுத்தான் போவார். அன்பளிப்பு என்பது பேச்சில் மட்டும். புத்தகத்தில் ஸ்பானிஷ் படித்துவிட்டு வந்தவருக்கோ, பக்கத்து மேசைக்காரர் ஓசிக் காப்பி கேட்கிறார் என்று தோன்றும்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்பானிஷ் கற்ற ஒருவர் இந்தக் காப்பிக் கதையை அறிய அந்த ஊருக்கே போக வேண்டியிருந்தது. இன்று உலகின் ஏதோ ஒரு மூலையில் பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அதைக் காதில் கேட்டுச் சிரித்துக்கொள்கிறார். ஒரு மொழி நம்மை வந்தடையும் பாதை இந்த இடைவெளியில் முழுக்க மாறிவிட்டது. நாம் அந்த மொழியைச் சென்றடையும் பாதையும் அதே அளவு மாறியதா என்பதுதான் கேள்வி.

அன்று எல்லாம் ஏட்டிலிருந்து தொடங்கியது. 1492இல் அந்தோனியோ தெ நெப்ரிஹா வெளியிட்ட காஸ்டிலிய மொழி இலக்கணம், ஐரோப்பாவின் இன்றைய மொழிகளில் ஒன்றுக்கு அச்சேறிய முதல் இலக்கணம் என்று பெயர் பெற்றது. அந்த நூலின் ஐந்தாம் பகுதியை வேற்று மொழிக்காரர்கள் கற்பதற்கென்றே அவர் எழுதினார். 1713இல் மாட்ரிடில் அரச மொழிக் கழகம் தோன்றியது. எது சரி, எது பிழை என்ற தீர்ப்பு அங்கிருந்து வரத் தொடங்கியது. மாணவர் கையில் இருந்தவை வினைத்திரிபு அட்டவணையும் தடித்த அகராதியும்தான்.

அந்த அகராதியைப் புரட்டுவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். ‘சாக்லேட்’ என்ற சொல்லைத் தேடினால் ‘சி’ எழுத்தின் கீழ் கிடைக்காது. சி-யும் எச்-சும் சேர்ந்தது அன்று தனி எழுத்து. சி-யில் தொடங்கும் சொற்களெல்லாம் தீர்ந்த பிறகுதான் அதன் வரிசை வரும். இரட்டை எல்-லுக்கும் அப்படித்தான் தனி வீடு. 1994இல் பல நாட்டு மொழிக் கழகங்கள் கூடி அகராதி வரிசையில் இந்தத் தனி இடங்களை எடுத்துவிட்டன. 2010இல் நெடுங்கணக்கிலிருந்தும் இரண்டும் நீங்கி, எழுத்துகள் 27 ஆயின. இன்று கற்பவருக்கு இந்தச் சங்கடமே தெரியாது. கைபேசியில் சொல்லைத் தட்டினால் போதும், பொருளும் ஒலியும் சேர்ந்தே வருகின்றன.

குரலைக் கேட்க அன்று வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1901இல் லண்டனில் தொடங்கிய லிங்குவாபோன் நிறுவனம் முதலில் மெழுகு உருளைகளிலும் பிறகு இசைத்தட்டுகளிலும் மொழிப்பாடங்களைப் பதிந்து விற்றது. அதன் பின் கேசட் காலம். அந்தப் பாடங்களில் பேசியவர்கள் செய்தி வாசிப்பவர்போல நிறுத்தி, நிதானமாக, ஒரு சொல்லையும் விழுங்காமல் பேசினார்கள். ஒரு வாக்கியம் வரும். பிறகு சில நொடிகளுக்கு நாடா ஓடும் இரைச்சல் மட்டும். அந்த இடைவெளியில் கற்பவர் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவர்கள் சிரித்தாலும் சொல்லியாக வேண்டும். அந்த வெற்று நொடிகளை மறந்துவிடாதீர்கள். அவற்றிடம் பிறகு வருவோம்.

இன்னும் தாகம் இருந்தவர்கள் இரவில் சிற்றலை வானொலியின் குமிழைத் திருகினார்கள். ஸ்பெயினின் வெளிநாட்டு ஒலிபரப்போ ரேடியோ அவானா கூபாவோ கரகரப்புக்கு நடுவே கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். ஸ்பெயின் தன் சிற்றலை ஒலிபரப்பை 2014 அக்டோபரில் நிறுத்தியது. கரையை விட்டு வெகுதூரம் போகும் மீனவர்களுக்கும் கப்பல் தொழிலாளர்களுக்கும் அதுதான் துணை என்று எதிர்ப்புக் கிளம்பவே, டிசம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். மொழி கற்க வேண்டும் என்று குமிழைத் திருகுபவர்கள் அதற்குள் வேறிடம் போய்விட்டிருந்தார்கள்.

ஏட்டுக்கும் காதுக்கும் நடுவில் பாலமாக நின்றது ஒரு தொலைக்காட்சித் தொடர். 1992இல் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியில் வந்த ‘டெஸ்டினோஸ்’, ஸ்பானிஷ் கற்பிப்பதற்காகவே எடுத்த 52 பகுதி நெடுந்தொடர். மெக்சிகோவில் சாகக் கிடக்கும் ஒரு பெரியவரின் பழைய ரகசியத்தைத் தேடி, லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ரக்கேல் ரொட்ரிகெஸ் என்ற வக்கீல் ஸ்பெயின், அர்ஜென்டினா, புவேர்ட்டோ ரிகோ என்று அலைவார். கதை நாடு மாற மாற, பார்ப்பவரின் காதில் விழும் ஸ்பானிஷும் மாறும். ஒரே மொழிக்கு இத்தனை குரல்களா என்று மாணவர்கள் அறிந்துகொண்ட இடங்களில் அது ஒன்று. ஆனால் ஒளிபரப்பாகும் நேரத்தில் பெட்டிமுன் உட்கார்ந்தாக வேண்டும். தவறவிட்டால் வீடியோ நாடாவைத் தேட வேண்டும்.

பிறகு வந்தது பாட்காஸ்ட். அந்தப் பெயருக்கே வயது அதிகமில்லை. பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் 2004 பிப்ரவரியில் லண்டன் ‘கார்டியன்’ இதழில் எழுதிய கட்டுரையில்தான் அது பிறந்தது. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்களுக்கு இடம் கொடுத்தது. 2006இல் ஸ்காட்லாந்தின் மொழி ஆசிரியர் மார்க் பென்டில்டன் ‘காப்பி பிரேக் ஸ்பானிஷ்’ தொடங்கினார். ஒரு காப்பி குடிக்கிற நேரத்துக்குள் ஒரு பாடம் என்பதுதான் கணக்கு. ஏறக்குறைய அதே காலத்தில், மாட்ரிடில் குடியிருந்த ஆங்கிலேயர் பென் கர்ட்டிஸும் அவர் மனைவி, மாட்ரிட்காரரான மரீனாவும் தங்கள் வீட்டுப் பேச்சையே ஒலிப்பதிவு செய்து ‘நோட்ஸ் இன் ஸ்பானிஷ்’ என்று வெளியிட்டார்கள். கணவன் தடுமாறுவதும் மனைவி திருத்துவதும்கூட அதில் பாடமாயிற்று.

மொழி கற்பவர்களை மனத்தில் வைக்காமல் தொடங்கியதுதான் ‘ரேடியோ அம்புலாந்தே’. லிமாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த எழுத்தாளர் தானியேல் அலார்க்கோனும் அவர் கூட்டாளிகளும் லத்தீன் அமெரிக்காவின் உண்மைக் கதைகளை ஸ்பானிஷில் ஒலிவடிவில் சொல்லத் தொடங்கினார்கள். மெக்சிகோ கதையை மெக்சிகோக்காரரே சொல்வார். சிலி கதையைச் சிலிக்காரரே சொல்வார். எழுத்து வடிவமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைத்ததால் கற்பவர்கள் கூட்டமாக அங்கே வந்து சேர்ந்தார்கள். பின்னர் அவர்களுக்கென்றே ‘லூப்பா’ என்ற செயலி வந்தது. லூப்பா என்றால் பூதக்கண்ணாடி. குவாத்தமாலாவில் பிறந்த லூயிஸ் வான் ஆன் இன்னொருவருடன் சேர்ந்து நிறுவிய மொழிச் செயலி டுவோலிங்கோவும் 2017இல் ஒரு ஸ்பானிஷ் பாட்காஸ்டைத் தொடங்கியது. சாதாரண மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் நடந்ததை எளிய ஸ்பானிஷில் சொல்வார்கள். இடையிடையே ஆங்கிலத்தில் விளக்கம் வரும்.

இவற்றால் காதுக்குக் கிடைத்தது கொஞ்சமல்ல. முதல் வரவு, மனிதர்கள் தயங்கும் ஒலி. தமிழில் நாம் ‘வந்து’, ‘அதாவது’, ‘இல்லையா’ என்று இழுப்பதுபோல ஸ்பானிஷில் ‘புவேஸ்’, ‘ஓ செயா’, ‘எஸ் கே’ என்று இழுப்பார்கள். பழைய பாடநூலின் உரையாடல்களில் யாரும் தயங்கியதில்லை. “நான் வீட்டிற்குச் செல்கிறேன்” என்று மதுரைப் பேருந்தில் ஒருவர் நடத்துநரிடம் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் ஏட்டு ஸ்பானிஷும் தெருவில் ஒலித்தது.

இரண்டாவது, ஊர்களின் ஒலி. நன்றி சொல்லும் ‘கிராசியாஸ்’ மாட்ரிட் வாயில் ‘கிராதியாஸ்’ ஆகும். தெருவைக் குறிக்கும் ‘காயே’ புவேனோஸ் ஐரிஸில் ‘காஷே’ ஆகும். பேருந்துக்கு மெக்சிகோவில் ‘கமியோன்’, அர்ஜென்டினாவில் ‘கொலெக்தீவோ’. கூபாவில் அது ‘குவாகுவா’. சிலியில் குவாகுவா என்றால் கைக்குழந்தை!

மூன்றாவது, மரியாதையின் நெளிவுசுளிவு. பாடநூல் ‘நீ’க்குத் ‘தூ’, ‘நீங்கள்’க்கு ‘உஸ்தெத்’ என்று சொல்லி முடித்துவிடும். அர்ஜென்டினாவில் ‘தூ’ கிடையாது. ‘வோஸ்’தான், அதற்கென்று தனி வினைமுடிபுகளும் உண்டு. பொகோட்டாவிலோ நெருங்கிய நண்பர்களும் அண்ணன் தம்பிகளும்கூட ‘உஸ்தெத்’ போட்டுப் பேசிக்கொள்வது உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் குழந்தையையும் ‘வாங்க, போங்க’ என்று அழைப்பதைக் கேட்டவர்களுக்கு இதில் வியப்பு இராது.

நான்காவது, அகராதிக்குள் அடங்காத பழக்கவழக்கம். மெக்சிகோவில் ‘அஓரீத்தா’ என்றால் ‘இப்பவே’ என்று அகராதி சொல்லும். அது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், நடக்காமலே போகலாம். “தோ, வந்துட்டேன்” என்று சொல்லிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்பெயினில் ‘சோப்ரெமேசா’ என்று ஒரு சொல் உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகும் மேசையைவிட்டு எழாமல் பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு அந்தப் பெயர். அந்த நேரத்தில் பரிமாறுபவர் பில்லைக் கொண்டுவந்து வைத்தால், எழுந்து போ என்பதுபோல் ஆகிவிடும். நாமாகக் கேட்டால்தான் பில் வரும்.

காதால் கற்கும்போது தமிழருக்கு ஒரு சலுகையும் உண்டு. ஸ்பானிஷில் ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. நடு எழுத்தை அழுத்தி நாவை அதிரவிட்டால் ‘நாய்’. ரகர றகரத்தை இன்றும் நாவில் பிரித்து வைத்திருக்கும் குமரி மாவட்டத்துக்காரருக்கு இது எளிது. தலையில் அலைக்கோடு போட்ட அவர்களின் ‘என்’ எழுத்து நம் ஞகரத்துக்கு நெருங்கிய உறவு. மேசைக்கு அங்கேயும் ‘மேசா’தான். ஈழத்தில் இன்றும் வழங்கும் ‘சப்பாத்து’ ஸ்பானிஷில் ‘சப்பாத்தோ’. நமக்கு இச்சொற்களைத் தந்தவர்கள் போர்த்துக்கீசியர். அவர்கள் மொழி ஸ்பானிஷின் உடன்பிறப்பு. ஏட்டில் ரோமன் எழுத்தாகக் கிடக்கும்போது கண்ணில் படாத இந்த உறவு காதில் விழுந்ததும் சட்டெனத் தெரிந்துவிடும்.

இனி அந்த வெற்று நொடிகள். பாடமாக அமைத்த சில பாட்காஸ்ட்கள், ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்று இன்றும் இடைவெளி விடுகின்றன. கதையும் அரட்டையுமாக வரும் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. கேட்பவர் வாயைத் திறக்கத் தேவையே இல்லை. திறந்தாலும் கேட்பாரில்லை.

புரியும்படி கேட்டுக்கொண்டே இருந்தால் மொழி தானே வந்துவிடும் என்று வாதிட்டவர் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். கேட்பதையே அடித்தளமாகக் கொண்ட ‘டிரீமிங் ஸ்பானிஷ்’ என்ற இணையதளம் தன் ஏணியின் உச்சிப் படிக்கு 1,500 மணி நேரம் என்று எண்ணிக்கை வைத்திருக்கிறது. கேட்பது வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கனடாவின் மெரில் ஸ்வெய்ன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். பாடங்களையெல்லாம் பிரெஞ்சிலேயே படித்த, ஆங்கிலம் பேசும் குழந்தைகளை அவர் ஆராய்ந்தார். ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு கேட்டவர்கள். புரிந்துகொள்வதில் நல்ல தேர்ச்சி. பேசும்போது மட்டும் இலக்கணம் இடறியது. புரிந்துகொள்ள ஒருவழியாகப் பொருளை ஊகித்தால் போதும்; பேசுவதற்கு வினையின் வால் வரை நாமே கட்ட வேண்டும் என்பது 1985இல் அவர் எழுதியதன் சாரம். பாட்காஸ்ட் வருவதற்கு இருபது ஆண்டு முன்பே அதன் குறை எழுதப்பட்டுவிட்டது.

அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு நடத்தும் பள்ளி, ஆங்கிலம் பேசுபவர் ஸ்பானிஷில் தேற 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் தேவை என்று கணக்கிட்டிருக்கிறது. அவை எதிரே ஆசிரியரும் சக மாணவரும் இருக்கும் மணிகள். அங்கே தப்பிக்க இடமில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றைய மாணவருக்கு வாயில் இலக்கணம் இருந்தது, காதில் ஊர் இல்லை. இன்றைய மாணவருக்குக் காதில் இருபது நாடுகள் இருக்கின்றன, வாய்தான் திறப்பதில்லை. இரண்டில் எது மேல் என்றால், இன்றையதுதான்; தயங்காமல் சொல்வேன். வாயைத் திறக்க ஓர் உறுதி போதும். காதுக்கு ஊர்களைக் கொண்டுவர அன்று கப்பல் ஏற வேண்டியிருந்தது.

வாயைத் திறக்கும் வழியும் புதிதல்ல. ஸ்பெயின் நகரங்களின் மதுக்கடைகளில் ‘இன்டெர்காம்பியோ’ என்ற பெயரில் வெளியூர்க்காரரும் உள்ளூர்க்காரரும் உட்கார்ந்து பாதி நேரம் ஒரு மொழி, பாதி நேரம் மற்ற மொழி என்று பேசிக்கொள்வார்கள். பண்டமாற்றுதான், சரக்கு மட்டும் பேச்சு. அங்கே போக முடியாதவருக்கு வீடியோ அழைப்பு இருக்கிறது. அதுவும் அமையாவிட்டால் கைபேசியின் ஒலிப்பதிவு இருக்கிறது.

ஸ்பானிஷ் கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைய பகுதி முடிந்ததும் அடுத்ததை ஓடவிடாதீர்கள். இயர்போனைக் கழற்றுங்கள். கேட்ட கதையை மூன்றே வாக்கியத்தில், பிழையோடு, உரக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய கேசட் நமக்கென்று விட்டுவைத்த அந்தச் சில நொடிகளை இனி நாமேதான் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.