மலைநடுவே ஒரு தமிழ்நிலம்: அஞ்சுநாட்டு ஊர்களின் வரலாறு

மலைநாட்டுத் தமிழர் என்றதும் தேயிலைத் தோட்டமே நம் நினைவுக்கு வருகிறது. மூணாற்று மலைகளைப் பொறுத்தமட்டில் இந்நினைவு பாதியளவே பொருந்தும். ஜான் டேனியல் மன்றோ என்பார் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றது 1877ஆம் ஆண்டில். தோட்டங்கள் எழுந்தது அதன் பின்னரே. அதற்கு நெடுங்காலம் முன்பே, அம்மலைகளின் வடபுறத்தில் தமிழ் பேசும் உழவர்கள் ஊரமைத்து வாழ்ந்தனர். அப்பகுதியே அஞ்சுநாடு.

மறையூர், காரையூர், கீழாந்தூர், காந்தளூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்கள் சேர்ந்தமையால் இப்பெயர் வந்தது. இன்று இவை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. போர்க்குழப்பங்களுக்கு அஞ்சி மதுரைச் சீமையிலிருந்து வந்தவர் தம் முன்னோர் என்பது அம்மக்களின் வாய்மொழி மரபு. ஆயினும் அங்கு மனிதர் வாழ்வு அதனினும் மிகப் பழமையானது. மறையூர்ப் பாறைகளின்மீது நிற்கும் பெருங்கற்காலக் கல்லறைகள் இதற்குச் சான்று.

மேற்குச் சரிவிலன்றோ கேரளம்? அங்கே தமிழ் நிலைத்தது எவ்வாறு? விடை நிலத்திலேயே இருக்கிறது. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி மேற்கு மழையைத் தடுத்து நிற்க, அஞ்சுநாடு மழைமறைவு நிலமாயிற்று. இங்குப் பிறக்கும் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. ஆறு சென்ற திசையிலேயே வாணிகமும் உறவும் சென்றன. உடுமலைப்பேட்டை அவர்களுக்கு அருகிலுள்ள சந்தையாயிற்று. பேச்சும் அத்திசையையே தழுவி நின்றது.

இத்தகைய மொழித்திட்டு ஐரோப்பாவிலும் உண்டு. சுவிட்சர்லாந்தில் இத்தாலி மொழி வழங்கும் திச்சீனோ மாநிலத்தில், 1,503 மீட்டர் உயரத்தில் பாஸ்கோ குரின் என்னும் சிற்றூர் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மேலை வாலிஸ் பகுதியிலிருந்து மலை கடந்து வந்த வால்சர் மக்கள் அங்கே பழைய ஜெர்மன் பேச்சொன்றைப் பேணி வந்தனர். ஊர்க்கோயில் 1253இல் திருநிலைப்படுத்தப்பட்டது. மக்கள் குறைந்து, இன்று நூற்றுக்கும் உட்பட்டவரே அங்கு வாழ்கின்றனர். எனினும் 1938லேயே ஒரு பழைய மரவீட்டை அருங்காட்சியகமாக்கித் தம் கருவிகளையும் வழக்காறுகளையும் அவர்கள் சேமித்து வைத்தனர்.

அஞ்சுநாட்டின் மீது எல்லைக்கோடு வேறு வகையாக விழுந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்க வேண்டுமெனத் தமிழர் போராடினர். 1956 நவம்பர் முதல் நாளன்று கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. இவ்விரு வட்டங்களும் கேரளத்தில் நின்றன. அதன்பின் அலுவலக மொழி ஒன்று, அடுப்படி மொழி வேறொன்று என்றாயிற்று.

ஒதுங்கிய ஊர் நல்லதை மட்டுமே காக்கும் என எண்ணுதலும் பிழை. அஞ்சுநாட்டை அடுத்த வட்டவடையில், ஒடுக்கப்பட்ட சமூகத்தார்க்கு முடிதிருத்தகங்களில் இடமில்லாதிருந்தது. 2020இல் ஊராட்சியே அனைவர்க்கும் பொதுவான முடிதிருத்தகம் ஒன்றைத் திறக்க நேர்ந்தது. மொழியைக் காத்த அதே வேலி சாதிப்பிரிவையும் காத்தது. வேலி தளரும்போது பிரிவு ஒழியட்டும். மொழியும் உடன் போய்விடாதிருக்க வழி காண வேண்டும்.

அதற்கு வழி பள்ளியும் பதிவுமேயாகும். 2019இல் மறையூர் வெல்லத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வெல்லத்தைக் காய்ச்சுவோர் வழங்கும் சொற்களுக்கு அத்தகைய காப்பு ஏதும் இல்லை. வயற்பெயர், ஓடைப்பெயர், உறவுப்பெயர், தொழிற்சொல் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பது பெரும்பொருள் வேண்டாத பணி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அத்தோட்டங்களின் பிரிவுப்பெயர்களும் பால்மரக்காட்டுச் சொற்களும் முதியோர் நினைவில் மட்டுமே எஞ்சியுள்ளன. தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரைக் கொண்டு ஓர் ஏட்டில் அவற்றைத் தொகுப்பாராயின், ஊர் கலைந்த பின்னும் அதன் வரலாறு நிற்கும்.