வெட்டினால் பூக்கும் செடி

குட்டி விஞ்ஞானியே, கார்த்திகை மாதத்தில் மதுரைப் பக்கம் போனால் பேருந்தில் சன்னல் ஓரமாக உட்கார். நிலக்கோட்டை, உசிலம்பட்டி வட்டாரத்தில் மல்லிகைத் தோட்டங்கள் வரும். பச்சைப் பசேலென்று நிற்கும் செடிகளை அங்கே வெட்டித் தள்ளிக்கொண்டிருப்பார்கள். நன்றாக இருக்கிற செடியை எதற்கு வெட்ட வேண்டும்? இந்தக் கேள்வி உனக்குத் தோன்றினால் சபாஷ்! கெட்டிக்காரப் பிள்ளைதான் நீ.

இந்த வேலைக்குக் கவாத்து என்று பெயர். பெரும்பாலும் நவம்பர் கடைசியில் நடக்கும். சில நாள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுவார்கள். பிறகு தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு, மேலே உள்ளதை வெட்டிவிடுவார்கள். காய்ந்த குச்சியும் நோய் பிடித்த கிளையும் தப்பாது. அப்புறம் தொழு உரம், தண்ணீர்.

ஏன் அந்த மாதம்? நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், அடுத்தது முன்பனி. மல்லிகைக்கோ வெயில்தான் பிடிக்கும். குளிரில் பூ குறைந்துவிடும். எப்படியும் பூ இல்லாத நாள், வெட்டினால் நட்டம் குறைவு. அதோடு, மல்லிகை மொட்டு புதிதாகத் துளிர்த்த கொம்பில்தான் வரும். துளிர் கூடினால் பூவும் கூடும். இதுவரை புரிகிறதா?

சரி, வெட்டினால் துளிர் எப்படிக் கூடும்? கொம்பின் நுனியில் ஆக்சின் என்ற பொருள் உண்டாகிறது. அது தண்டு வழியாகக் கீழே இறங்கும். இறங்குகிற வரையில், இலைக் கணுக்களில் இருக்கும் குட்டி மொட்டுகள் வளராமல் அடங்கிக் கிடக்கும். உன் வகுப்புத் தலைவன் பலகைப் பக்கத்தில் நின்றால் யாரும் எழுந்திருப்பதில்லை, அல்லவா? அவன் வெளியே போகட்டும், என்ன நடக்கும்! நுனியை வெட்டினாலும் அதுதான். பக்க மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிடும்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1933-இல் அமெரிக்காவில் கென்னத் திமான், ஃபோல்கே ஸ்கூக் என்ற இருவர் ஒருவகை அவரைச் செடியின் நுனியை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். நுனி இல்லை, ஆனாலும் பக்க மொட்டுகள் அடங்கியே இருந்தன! அடக்கி வைத்தது நுனியல்ல, அதிலிருந்து இறங்கிய பொருள் என்று தெரிந்துபோயிற்று. எவ்வளவு எளிமையான சோதனை பார்த்தாயா? எனக்கு மிகவும் பிடித்தது இது.

வெட்டிய மறுநாள் தோட்டம் வெறும் குச்சிக்காடாக நிற்கும். பார்க்கவே பாவமாக இருக்கும். தோட்டக்காரத் தாத்தா மட்டும் கவலைப்பட மாட்டார். நல்ல நாள் பார்த்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் கத்தரியை எடுத்திருப்பார். ஆக்சின் என்ற பேரையே அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் துளிர் வரும் என்று அவருக்குத் தெரியும். வருடா வருடம் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது. பிறகு கும்பிடு எதற்கு என்கிறாயா? மழையும் பனியும் பூச்சியும் அவர் கையில் இல்லையே! இந்த இரண்டு நம்பிக்கையும் ஒரே மனதில் சண்டையில்லாமல் இருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பங்குனியில் அரும்பு கட்டத் தொடங்கும். சித்திரையில் மீனாட்சி கல்யாணம் வரும்போது மதுரைப் பூச்சந்தையில் மல்லிகை குவிந்து கிடக்கும்.

நீயும் செய்து பார்க்கலாம். ஒரே உயரத்தில் இரண்டு துளசிச் செடிகளைத் தொட்டியில் வை. ஒன்றின் நுனியை மட்டும் கிள்ளிவிடு. பாட்டியிடம் முதலில் கேட்டுக்கொள், பொழுது சாய்ந்தபின் துளசியைத் தொட விடமாட்டார்! இரண்டு மூன்று வாரம் இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர், ஒரே வெயில். பிறகு இலைக் கணுக்களைப் பார்த்து, எதில் எத்தனை கிளை என்று நோட்டில் எழுதிக்கொள்.