சாவி கொடுத்த பிறகு வரும் புகார்கள்

வீட்டைக் கட்டிச் சாவியை ஒப்படைப்பதோடு கட்டுநரின் பொறுப்பு முடிவதில்லை. விற்பனைக்குக் கட்டப்படும் வீடுகளுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதைத் தெளிவாக வரையறுக்கிறது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதாக உரிமையாளர் தெரிவித்தால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது அதன் 14(3) பிரிவு. தவறினால் இழப்பீடு கேட்கலாம்.

விருதுநகர் மாவட்டத்து ஆனைக்குட்டம் போன்ற ஊர்களில் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலோர் சொந்த மனையில், சதுர அடிக்கு இவ்வளவு என்று காண்டிராக்டரிடம் பேசிக் கட்டுகிறார்கள். விற்பனைத் திட்டங்களுக்கான அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே துணை. வீடு கட்டித் தருவதும் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. வழக்குக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆகவே எந்தக் குறைக்கு எத்தனை காலம் பொறுப்பு என்பதை வேலை தொடங்குமுன் எழுதிக் கையெழுத்திடுவது இரு தரப்புக்கும் நல்லது.

புகார் வந்தால் முதல் வேலை அதைப் பதிவு செய்வது. தேதி, இடம், குறை, எப்போது முதலில் தெரிந்தது ஆகியவற்றை எழுதி, படம் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும். மின்கசிவு, காரை பெயர்ந்து விழுதல், கைப்பிடிச்சுவர் சாய்தல் ஆகியவற்றை அன்றே பார்க்க வேண்டும். நிறம் மங்கியது, கதவு இறுகுவது போன்றவற்றுக்கு நாள் குறிக்கலாம். 'வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வராமல் போவதே பல புகார்களை வழக்காக வளர்க்கிறது.

அடுத்து, காரணம் அறியாமல் பூசக் கூடாது. விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் மண். அதிலுள்ள களிமண் மழையில் ஊதிக் கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் போதிய ஆழமில்லாவிட்டால் சன்னல், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அதன் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தால், விரிசல் விரியும்போது கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். பூச்சில் மட்டும் வலைபோல் பரவும் மயிரிழை விரிசல் வேறு வகை. பெரும்பாலும் பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வருவது. கான்கிரீட்டும் சீக்கிரம் காயக் கூடாது; அதற்குச் சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாளும், கலப்பு சிமெண்டானால் 10 நாளும் தண்ணீர் விட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 தரநிலை. தூண், பீம், தளத்தில் விரிசல் வந்தாலோ கம்பி துருவேறித் தெரிந்தாலோ கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தே ஆக வேண்டும்.

எல்லாமே கட்டுநரின் குறையாகாது. உரிமையாளர் பின்னால் சுவரை உடைத்துக் குழாய் பதித்திருக்கலாம். அனுமதித்த அளவுக்கு மேல் மாடி எழுப்பியிருக்கலாம். பக்கத்துப் பட்டாசு ஆலை விபத்தின் அதிர்வில் சுவர் பிளந்திருக்கலாம். அப்படியானால் காரணத்தையும் ஆதாரத்தையும் சேர்த்து எழுத்தில் மறுக்க வேண்டும். வாய்ப்பேச்சில் தட்டிக்கழித்தால் ஆணையத்தின் முன் ஒன்றையும் காட்ட முடியாது. காரணத்தில் உடன்பாடு எட்டாவிட்டால், இருவருக்கும் பொதுவான பொறியாளரின் அறிக்கையை ஏற்பதாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்.

சரிசெய்யும்போது செய்யப்போகும் வேலை, நாள், பொருள் மூன்றையும் உரிமையாளருக்குத் தெரிவித்து, முடிந்ததும் அவருடன் சேர்ந்து பார்த்து ஒப்பம் பெற வேண்டும். மொட்டை மாடி ஒழுகலை ஒரு மழை பார்த்த பிறகே தீர்ந்ததாகக் கணக்கிட வேண்டும். மோட்டார், தண்ணீர்த் தொட்டி, நீர்த்தடுப்புப் பூச்சு ஆகியவற்றுக்குத் தயாரிப்பாளர் தந்த உத்தரவாதச் சீட்டுகளை ஒப்படைப்பு நாளிலேயே உரிமையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். புகார்க் குறிப்பேட்டை ஆண்டுக்கொருமுறை புரட்டினால் ஒரே கொத்தனார் குழுவிடமோ ஒரே வகைப் பொருளிலோ திரும்பத் திரும்ப வரும் குறை தெரியும். அடுத்த வீட்டில் அதைத் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம்.