நிலாவாரையும் குடல் பாக்டீரியாவும்

நிலாவாரை (சென்னா அலெக்ஸாண்ட்ரினா) மலச்சிக்கலுக்கு உலகின் பல நாடுகளில் பயன்படுத்தப்படும் மூலிகையாகும். இதன் இலையிலும் காயிலும் உள்ள வேதிப்பொருட்கள் உட்கொள்ளப்படும் வடிவில் மலத்தை இளக்குவதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றை உருமாற்றிய பின்னரே அவை செயல்படுகின்றன.

பெயரும் விளைவிடமும்

இது நிலவாகை என்றும் அழைக்கப்படுகிறது. மஞ்சள் பூப்பூக்கும் இச்செடி ஆவாரையின் இனத்தைச் சேர்ந்தது. எனினும் இரண்டும் வெவ்வேறு செடிகள். வறட்சியைத் தாங்கி வளர்வதால் திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் பயிரிடப்படுகிறது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாகும் இவ்விலைக்கு உலக வணிகத்தில் 'டின்னவெல்லி சென்னா' என்று பெயர். சித்த மருத்துவத்தில் இது நிலவாகைச் சூரணமாக வழங்கப்படுகிறது.

செயல்படும் விதம்

நிலாவாரையின் முதன்மைப் பொருட்கள் சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி என்பன. இவற்றில் குளுக்கோசு சர்க்கரை பிணைந்துள்ளது. இப்பிணைப்பை மனிதச் சிறுகுடலின் நொதிகளால் உடைக்க இயலாததால், இவை பெரும்பாலும் உறிஞ்சப்படாமல் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் பீட்டா-குளுக்கோசிடேசு என்னும் நொதியால் சர்க்கரையைப் பிரித்தெடுக்கின்றன. எஞ்சிய பகுதி பின்னர் ஒடுக்கமடைந்து ரெயின் ஆந்த்ரோன் ஆகிறது. இதுவே குடலசைவைத் தூண்டி, மலத்திலிருந்து நீர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. மருந்து பெருங்குடலைச் சென்றடைந்து உருமாற வேண்டியிருப்பதால், பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகும். இதனாலேயே இதை இரவில் உட்கொள்வது வழக்கம்.

குடல் பாக்டீரியாக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே அளவு மருந்து ஒருவருக்கு வயிற்றுப்போக்கையும் மற்றொருவருக்குச் சிறிதளவு பலனையும் தரலாம். நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து உட்கொள்பவர்களுக்கு இதன் பலன் குறையக்கூடும்.

கற்றாழையின் சான்று

கற்றாழை இலைத் தோலையடுத்து வடியும் மஞ்சள் சாற்றை உலர்த்திப் பெறுவது கரியபோளம். அதிலுள்ள பார்பலாயின் என்னும் பொருளும் பாக்டீரியாவையே நம்பியுள்ளது. கிருமியற்ற சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு ஏற்படவில்லை. பார்பலாயினை உருமாற்றும் பாக்டீரியாவை அந்த எலிகளின் குடலில் குடியேற்றிய பின்னர்க் கொடுத்தபோது கடுமையான வயிற்றுப்போக்கு ஏற்பட்டது.

பிற மூலிகைகள்

இசப்கோல் உமி வேறு வழியில் வேலை செய்கிறது. இது நீரை ஈர்த்துக் கூழாகி மலத்திற்குப் பருமனையும் மென்மையையும் தருகிறது. பாக்டீரியாக்கள் இதைச் சிறிதளவே நொதிக்கச் செய்வதால் கூழ்த்தன்மை இறுதிவரை நிலைக்கிறது. போதிய நீரின்றி உட்கொண்டால் தொண்டையிலோ குடலிலோ அடைப்பு ஏற்படலாம். திரிபலாவிலுள்ள கடுக்காயின் துவர்ப்புப் பொருட்களிலிருந்து கிடைக்கும் எல்லாஜிக் அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் யூரோலித்தின்களாக மாற்றுகின்றன. இத்திறன் எல்லோருடைய குடலிலும் இருப்பதில்லை.

பாக்டீரியாக்கள் மீதான விளைவு

மலம் குடலில் தங்கும் நேரம் மாறினால் அங்கு வாழும் நுண்ணுயிரிகளின் விகிதமும் மாறும். மலம் விரைந்து வெளியேறும்போது வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. நெடுநேரம் தங்கும்போது மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. எனவே மலமிளக்கிக்குப் பின் காணப்படும் மாற்றம் முழுவதையும் மூலிகையின் நேரடி விளைவு எனக் கொள்ள முடியாது.

எச்சரிக்கை

மூலிகை என்பதால் நாள்தோறும் உட்கொள்ளலாம் என்ற எண்ணம் தவறானது. மருத்துவர் ஆலோசனையின்றி நிலாவாரையை ஓரிரு வாரங்களுக்கு மேல் தொடரக் கூடாது. அளவு மீறினால் வயிற்றுப்போக்கால் உடலின் பொட்டாசியம் குறைந்து தசைச் சோர்வும் இதயத் துடிப்பில் கோளாறும் ஏற்படலாம். டைகாக்சின் என்னும் இதய மருந்தையோ சிறுநீர் பெருக்கி மருந்துகளையோ உட்கொள்ளும் முதியோருக்கு இந்த ஆபத்து அதிகம். நீண்டகாலப் பயன்பாட்டால் பெருங்குடலின் உட்சுவர் கருமையடைவதுண்டு. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் இது மறையும்.

மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, கடும் வயிற்றுவலி, வாந்தி அல்லது மலம் கழிக்கும் வழக்கத்தில் திடீர் மாற்றம் இருந்தால் மலமிளக்கியை நாடாமல் மருத்துவரை அணுக வேண்டும்.