பழைய கியர் ஸ்கூட்டர் வாங்கலாமா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

ஆபீஸ் போய்வர பழைய பஜாஜ் சேத்தக், எல்எம்எல் வெஸ்பா மாதிரி கியர் ஸ்கூட்டர் வாங்கலாம்னு யோசிக்கிறீங்களா? விலை கம்மி, மெட்டல் பாடி, ஸ்டெப்னியும் இருக்கு. ஆனா விலை என்பது முதல் செலவு மட்டும்தான். மீதியை இப்படிப் பாருங்க.

1. லைசென்ஸ்: இடது கைப்பிடியைத் திருப்பி கியர் மாத்துற வண்டி இது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்த லைசென்ஸ் இதுக்குச் செல்லாது. விபத்துன்னா இன்சூரன்ஸ் க்ளைமும் சிக்கலாகும்.

2. ஆர்சி: 15 வருஷம் முடிஞ்ச வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். புதுப்பிக்காத வண்டியை வாங்கினா அந்தச் செலவும் அலைச்சலும் உங்க தலையில. ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, ஆர்சியை உங்க பேருக்கு மாத்துங்க. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம்.

3. பெட்ரோல்: மாசம் 750 கி.மீ. ஓட்டுறீங்கன்னு வைங்க. 50 கி.மீ. மைலேஜ்னா 15 லிட்டர், 40 கி.மீ.ன்னா 18.75 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னு வச்சாலே வருஷத்துக்கு 4,500 ரூபாய் வித்தியாசம். 2 ஸ்ட்ரோக் வண்டின்னா பெட்ரோல்ல கலக்குற ஆயில் செலவு தனி.

4. ரிப்பேர்: கிளட்ச் கேபிள், கியர் கேபிள் மாத்தத் தெரிஞ்ச மெக்கானிக் உங்க ஏரியாவுல இருக்காரான்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிங்க. இல்லன்னா வண்டி நிக்கிற நாள்ல ஆட்டோ காசும் சேரும்.

வண்டி விலையோட இந்த ஒரு வருஷச் செலவையெல்லாம் கூட்டி 12-ஆல் வகுங்க. புது வண்டியோட இஎம்ஐ, பெட்ரோலைவிட கம்மியா வந்து, பேப்பரும் சரியா இருந்தா தாராளமா வாங்கலாம். இல்லன்னா அது ஆசைக்கான செலவு; போக்குவரத்து பட்ஜெட்ல எழுதாதீங்க!