குழந்தை வன்கொடுமைத் தடுப்பில் பல்துறை ஒத்துழைப்பு

குழந்தை வன்கொடுமைத் தடுப்பில் பல்துறை ஒத்துழைப்பு என்பது ஆசிரியர், மருத்துவர், செவிலியர், காவல்துறையினர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர், உளவியல் ஆற்றுப்படுத்துநர் முதலியோர் தத்தம் தகவல்களையும் திறன்களையும் ஒன்றுசேர்த்து ஒரு குழந்தையைக் காக்கும் நடைமுறையாகும். குழந்தை வன்கொடுமை பொதுவாக நான்கு வகைப்படும். அவை உடல்வழிக் கொடுமை, பாலியல் கொடுமை, மனவழிக் கொடுமை, புறக்கணிப்பு என்பன. உணவு, உடை, மருத்துவம், கல்வி, கண்காணிப்பு ஆகியவற்றைத் தர வேண்டியவர், தர இயன்றும் தராமல் இருப்பது புறக்கணிப்பு எனப்படும்.

ஒத்துழைப்பின் தேவை

வன்கொடுமைக்கு உள்ளாகும் குழந்தையைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. குழந்தை அடிக்கடி பள்ளிக்கு வராததை ஆசிரியர் அறிவார். எடை குறைந்து வருவதை அங்கன்வாடிப் பணியாளர் அறிவார். கை எலும்பு முறிந்து இரண்டாம் முறையாக வந்ததை மருத்துவர் அறிவார். வீட்டில் இரவு நேரச் சண்டை என்று வந்த புகாரைக் காவல் நிலையம் அறியும். தனித்தனியே பார்த்தால் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சாதாரணக் காரணம் சொல்லிவிட முடியும். நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஆபத்து புலப்படும்.

வரலாறு

1946 இல் அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் ஜான் கேஃபி, மூளை உறைக்கு அடியில் இரத்தக் கசிவு கண்ட ஆறு பச்சிளங்குழந்தைகளுக்குக் கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருந்ததைப் பதிவு செய்தார். 1962 இல் டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவருடைய குழுவினரும் 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' பற்றிய கட்டுரையை அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டனர். அக்கட்டுரையை எழுதியவர்களுள் கதிரியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் இருந்தனர். ஒரே குழந்தையைப் பல துறையினர் சேர்ந்து ஆராய்ந்ததற்கு அக்கட்டுரையே சான்றாகும். அடுத்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்க மாநிலங்கள் அனைத்தும், ஐயத்திற்குரிய காயங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றின.

1985 இல் அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரில், அரசு வழக்கறிஞராக இருந்த பட் கிரேமர் முயற்சியால் முதல் குழந்தைகள் ஆதரவு மையம் தொடங்கப்பட்டது. அதுவரை குழந்தை காவல் நிலையம், மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம் என்று அலைந்து ஒவ்வோர் இடத்திலும் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இம்மையத்தில் அந்த அலுவலர்கள் அனைவரும் குழந்தை இருக்கும் இடத்திற்கு வந்தனர். 1998 இல் ஐஸ்லாந்தில் 'பார்னாஹுஸ்', அதாவது குழந்தைகளின் வீடு, என்ற பெயரில் இம்முறை தொடங்கி ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் பரவியது.

விக்டோரியா கிளிம்பி நிகழ்வு

ஒத்துழைப்பு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த இந்நிகழ்வு பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஐவரி கோஸ்ட் நாட்டைச் சேர்ந்த விக்டோரியா என்ற சிறுமியைப் படிக்க வைப்பதாகச் சொல்லி உறவுக்காரப் பெண் ஒருவர் ஐரோப்பாவுக்கு அழைத்து வந்தார். 1999 ஏப்ரலில் அவர்கள் லண்டன் வந்து சேர்ந்தனர். அப்பெண்ணும் அவருடைய ஆண் துணைவரும் செய்த கொடுமைகளால் 2000 பிப்ரவரி 25 அன்று விக்டோரியா இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 8. உடலில் 128 காயங்கள் இருந்தன. இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

விக்டோரியா யார் கண்ணிலும் படாமல் மறைக்கப்பட்ட குழந்தை அல்லள். லண்டனில் வாழ்ந்த சுமார் பத்து மாதங்களில் நான்கு உள்ளாட்சி சமூக நலத்துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள், ஒரு தொண்டு நிறுவன மையம் ஆகியவற்றுக்கு அவள் அறிமுகமாகியிருந்தாள். ஒரு மருத்துவமனையில் அவளுடைய உடலில் இருந்த தழும்புகள் சிரங்கினால் வந்தவை என்று முடிவு செய்யப்பட்டது. அந்த ஒரு முடிவு பிற துறையினரின் ஐயத்தையும் தணித்துவிட்டது. சிரங்கு தொற்றிவிடும் என்ற அச்சத்தால் வீட்டுக்குச் சென்று பார்ப்பதும் தவிர்க்கப்பட்டது. ஒவ்வொரு துறையும் மற்றொரு துறை பார்த்துக்கொள்ளும் என்று எண்ணியது.

லேமிங் பிரபு தலைமையிலான விசாரணை அறிக்கை 2003 ஜனவரியில் வெளிவந்தது. அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 12 வாய்ப்புகள் தவறவிடப்பட்டதாகக் கூறிய அவ்வறிக்கை 108 பரிந்துரைகளை அளித்தது. இதைத் தொடர்ந்து வந்த 2004 ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம், துறைகள் ஒத்துழைப்பதைச் சட்டப்படியான கடமையாக்கியது. 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் உள்ளாட்சி, காவல்துறை, சுகாதாரத் துறை ஆகிய மூன்றும் ஒவ்வொரு பகுதியிலும் கூட்டாகப் பொறுப்பேற்கின்றன.

இந்தியாவில் சட்டமும் அமைப்புகளும்

இந்தியா 1992 டிசம்பரில் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. நடுவண் அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007 இல் வெளிவந்தது. மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்வழிக் கொடுமைக்கும், 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கும் உள்ளானதாக அது தெரிவித்தது. இன்று இரண்டு சட்டங்கள் பல்துறை ஒத்துழைப்புக்கு அடிப்படையாக உள்ளன.

முதலாவது, இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. இதன்படி மாவட்டந்தோறும் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக்குழு இயங்குகிறது. உறுப்பினர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் இக்குழுவின் முன் ஒப்படைக்க வேண்டும். குடும்பச் சூழல் பற்றிய சமூக விசாரணை 15 நாட்களுக்குள் முடிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இவர்களை ஒருங்கிணைக்கிறது.

இரண்டாவது, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள போக்சோ சட்டம். இதில் ஒவ்வொரு துறைக்கும் உரிய கடமை வரையறுக்கப்பட்டுள்ளது.

• குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. தமக்குக் கீழ் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை தண்டனை கிடைக்கும்.
• காவல் அலுவலர் சீருடையில்லாமல், குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெற வேண்டும். 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக்குழுவுக்கும் நீதிமன்றத்திற்கும் தெரிவிக்க வேண்டும்.
• முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்.
• விசாரணை, வழக்கு என எல்லாக் கட்டங்களிலும் குழந்தையுடன் இருந்து வழிகாட்ட ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக்குழு அமர்த்தலாம்.
• சிறப்பு நீதிமன்றம் பொதுமக்கள் இல்லாத அறையில் விசாரிக்கும். வழக்கறிஞர்களின் கேள்விகள் நீதிபதி வழியாகவே குழந்தையிடம் கேட்கப்படும்.
• குழந்தையின் பெயர், பள்ளி, முகவரி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

ஆசிரியரின் பங்கு

பெற்றோருக்கு அடுத்தபடியாகக் குழந்தையை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியரே. திடீரென மதிப்பெண் குறைதல், வகுப்பில் தூங்கி விழுதல், வீட்டுக்குச் செல்லத் தயங்குதல், காயத்திற்கு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் சொல்லுதல் போன்றவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவை இருந்தாலே கொடுமை நடந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இயல்பானது என்று தள்ளிவிடவும் கூடாது.

குழந்தை மனம் திறந்து பேசினால் ஆசிரியர் அமைதியாகக் கேட்க வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்களிக்கக் கூடாது. ஏனெனில் அவ்வாக்கைக் காப்பாற்றச் சட்டமும் இடம் தராது, குழந்தையின் நலனும் இடம் தராது. "நீ சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை" என்று கூறலாம். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். துருவித் துருவிக் கேட்பதும், குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து விசாரிப்பதும் ஆசிரியரின் வேலையல்ல. அது சாட்சியத்தைக் கெடுப்பதுடன் குழந்தைக்கு ஆபத்தையும் உண்டாக்கலாம்.

தடுப்புப் பணி

கொடுமை நடந்த பிறகு செய்வது மீட்பு. நடக்குமுன் செய்வதே தடுப்பு. 1970களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய ஆய்வில், வறுமையாலோ இளவயதுக் கருத்தரிப்பாலோ இடருக்கு உள்ளான தாய்மார்களைச் செவிலியர்கள் கருவுற்ற காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை வீட்டிலேயே சென்று பார்த்தனர். 15 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அக்குடும்பங்களில் வன்கொடுமை, புறக்கணிப்புப் பதிவுகள் ஏனைய குடும்பங்களைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தன. இந்தியாவில் 1975 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகளும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் இத்தகைய பணிக்கு ஏற்ற நிலையில் உள்ளனர்.

வறுமையையும் புறக்கணிப்பையும் வேறுபடுத்திப் பார்ப்பதும் தடுப்பின் ஒரு பகுதியே. வேலைக்குப் போகும் தாய் வேறு வழியின்றிக் குழந்தையைத் தனியே விட்டுச் சென்றால், அவருக்குத் தேவை குழந்தைக் காப்பகம். காவல்துறை நடவடிக்கை அன்று.

சிக்கல்கள்

நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம், குடும்ப விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற எண்ணம், சாட்சி சொல்ல நீதிமன்றம் ஏற வேண்டுமே என்ற தயக்கம் ஆகியவை தகவல் தெரிவிப்பதைத் தடுக்கின்றன. தொழில்சார் இரகசியம் மற்றொரு சிக்கல். குழந்தையின் பாதுகாப்புக்குத் தேவையான தகவலைத் தேவையான அலுவலரிடம் மட்டும் பகிர வேண்டும். அதை ஆசிரியர் அறைப் பேச்சாக்குவது குழந்தைக்கு இழைக்கும் இரண்டாவது தீங்காகும். அலுவலர்கள் அடிக்கடி இடம் மாறும்போது வழக்கின் தொடர்ச்சி அறுந்துபோகிறது. எனவே பேச்சுடன் நிறுத்தாமல் எழுத்தில் தெரிவிப்பதும், தெரிவித்த பின் என்ன நடந்தது என்று கேட்டறிவதும் தேவை.

இந்தியாவில் ஆபத்தில் உள்ள குழந்தைக்காக எவரும், அக்குழந்தையே கூட, 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஐயம் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.